ஒரு பல் மட்டும் வெளுக்கவில்லை

விமலா: வாயத் திறங்களேன். டாக்டரம்மா எவ்வளவு நேரம் நிப்பாங்க?

தனேஸ்வரன்: நீ வெளிய இரு. நான் திறக்கறேன்.

விமலா: ஏன், இத்தன வருசமா பொண்டாட்டி பாக்காத வாயா?

தனேஸ்வரன்: டாக்டர்... இவளக் கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லுங்களேன்.

மாதுமை: அக்கா இருக்கட்டும் அண்ணே. எந்தப் பல்லு வலிக்குது?

விமலா: எல்லாமே டாக்டர். காலையில ஐஸ் கோப்பி ஒரு வாய் குடிச்சாரு, அப்படியே குதிச்சிட்டாரு. பாம்பு கீம்பு கடிச்சிருச்சோன்னு ஓடியாந்தேன்.

தனேஸ்வரன்: குதிக்கல லா... லேசாக் கூசிச்சு.

மாதுமை: ம்ம்... பல்லு நல்லா வெளுத்திருக்கே. என்ன செய்தனீங்க?

தனேஸ்வரன்: ஒண்ணுமில்ல...

விமலா: போன்ல ஆர்டர் பண்ணாரு டாக்டர், பல்லு வெளுக்கற ஜெல்லு. ஞாயித்துக்கெழம எங்க மகளுக்குப் பரிசம். மாப்பிள்ள வீடு சித்தியவான்லேருந்து வராங்க. இவரு பள்ளிக்கூட பஸ் ஓட்டுறவரு, நாள் முழுக்க கோப்பிதான். பல்லு மஞ்சளா இருக்கு, நாலு பேரு முன்னால மலுவா, வெக்கமா இருக்குன்னாரு...

மாதுமை: எவ்வளவு நேரம் வெச்சிருந்தீங்க?

தனேஸ்வரன்: அர மணி நேரம்னு போட்டிருந்தான்...

மாதுமை: நீங்க?

தனேஸ்வரன்: ...விடியற வரைக்கும்.

விமலா: அடக் கடவுளே!

தனேஸ்வரன்: கூட நேரம் இருந்தா கூட வெளுக்கும்னு நெனச்சேன்.

விமலா: என் பிரிட்ஜுல எலுமிச்சம்பழம் காணாமப் போச்சு. அதையும் கேளுங்க டாக்டர்.

தனேஸ்வரன்: அது... உப்பு போட்டுத் தேச்சேன்.

மாதுமை: ஐயோ அண்ணே! பல்லுக்கு மேல எனாமல்னு ஒரு ஓடு இருக்கு. ஜெல்லு அதுக்குள்ள ஊறித்தான் கறைய எடுக்கும். அளவாப் போட்டா, எனாமல் லேசா இளகினாலும் எச்சில் திரும்ப இறுக்கிப்போடும். நீங்க இறுகவே விடலையே. இளகினதுக்கு மேல புளிப்பையும் உப்பையும் போட்டுத் தேச்சிருக்கீங்க.

தனேஸ்வரன்: தேஞ்சது வளந்துரும்ல? நகம் மாதிரி...

மாதுமை: வளராது. போனது போனதுதான்.

விமலா: முழுசாப் போச்சா டாக்டர்?

மாதுமை: இல்லக்கா, பயப்படாதீங்கோ. கொஞ்சந்தான் தேஞ்சிருக்கு. இன்னிக்கு மருந்து பூசறன், கூச்சத்துக்குப் பேஸ்ட் தாறன். இனி ஜெல்லும் வேணாம், எலுமிச்சையும் வேணாம். ஆனா... முன்னால இந்த ஒரு பல்லு மட்டும்...

தனேஸ்வரன்: விமலா! காரு ரோட்டோரமா நிக்குது. அபராதச் சம்மன் வெச்சிரப் போறான், போய்ப் பாரு.

விமலா: பார்க்கிங் கூப்பன் போட்டுத்தான நிக்குது?

தனேஸ்வரன்: போய்ப் பாரேன் லா!

விமலா: சரி சரி, போறேன். கத்தாதீங்க, பல்லு கூசும்.

தனேஸ்வரன்: ...போயிட்டாளா?

மாதுமை: போயிட்டாங்க. அண்ணே, இது கட்டின பல்லு. பொய்ப்பல்லு என்ன செய்தாலும் வெளுக்காது. மத்ததெல்லாம் வெளுத்ததால இது மட்டும் மஞ்சளாத் தெரியுது.

தனேஸ்வரன்: அது எனக்கு இப்பத்தான தெரியுது! இந்த ஒண்ணத் தேய்க்கப் போய்த்தான் எலுமிச்ச எல்லாத்துலயும் பட்டுருச்சு. பஸ்ஸுல பிள்ளைங்க கேக்குதுங்க, 'அங்கிள், அந்தப் பல்லு மட்டும் இன்னும் குளிக்கலையா'ன்னு.

மாதுமை: அக்காவுக்குத் தெரியாதா?

தனேஸ்வரன்: பொண்ணு பாக்கப் போறதுக்கு மொத வாரம் மோட்டார் சைக்கிள்லேருந்து விழுந்துட்டேன். எஸ்டேட்டு செம்மண் ரோடு... முன்பல்லு போச்சு. 'ஓட்ட வாயோட போனா பொண்ணு குடுக்க மாட்டாங்க, வாயவே திறக்காத'ன்னாங்க எங்கம்மா. பீடோர்ல அவங்க வீட்டுல உம்முனு உக்காந்திருந்தேன். 'மாப்பிள்ள ரொம்ப அடக்கம்'னு அவங்கப்பா எஸ்டேட்டு முழுக்கச் சொல்லிட்டாரு. கல்யாணத்துக்கு முன்னாடி இதக் கட்டிக்கிட்டேன்.

மாதுமை: பிறகாவது சொல்லியிருக்கலாமே?

தனேஸ்வரன்: சொல்லலாம் சொல்லலாம்னு மகளே வளந்துட்டா. டாக்டர், ஞாயித்துக்கெழமைக்குள்ள இத மாத்திக் குடுங்களேன்.

மாதுமை: ஏலாது அண்ணே. வெளுத்த பல்லோட நிறம் நிலைக்கவே ரெண்டு மூணு வாரம் ஆகும். இப்ப நிறம் பாத்துக் கட்டினா பிறகு அதுவும் பொருந்தாது.

தனேஸ்வரன்: அப்ப நான் முன்னால வரல. மச்சானே தட்டு மாத்தட்டும்.

விமலா: யாரு மாத்தறது?

தனேஸ்வரன்: வந்துட்டியா... காரு இருக்கா?

விமலா: காரு எங்க போவும்? பெத்த அப்பா இருக்கறப்ப எங்கண்ணன் ஏன் தட்டு மாத்தணும்?

தனேஸ்வரன்: எனக்கு... பல்லு கூசுது.

விமலா: நேத்து உங்க மக எங்கிட்ட என்ன கேட்டா தெரியுமா? 'அப்பா ஏம்மா மொகங்குடுத்துப் பேச மாட்டேங்கறாரு? நான் பாத்த மாப்பிள்ளைய அவருக்குப் பிடிக்கலையா?' அழுதுட்டா. நீங்க வாயப் பொத்திக்கிட்டுத் திரியறீங்க.

தனேஸ்வரன்: அழுதாளா? ஐயையோ... அதுக்கு இல்ல விமலா, தங்கமான பையன். இந்தப் பல்லு... டாக்டர், நீங்க சொல்லுங்களேன்.

மாதுமை: நான் சொல்லேலாது அண்ணே. நீங்கதான் சொல்லணும்.

தனேஸ்வரன்: விமலா... இது வந்து...

விமலா: பொய்ப்பல்லு.

தனேஸ்வரன்: கதவுக்கு வெளிய நின்னு கேட்டியா?

விமலா: நான் காருகிட்டதான் நின்னேன். பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு எங்க வீட்டுக் கோழி உங்க தட்டுல இருந்த வடையத் தூக்கிட்டு ஓடிச்சே, மறந்துட்டீங்களா?

தனேஸ்வரன்: ...கோழி.

விமலா: எல்லாரும் அத விரட்டுனாங்க. நீங்க மட்டும் தன்ன மறந்து வாய் விட்டுச் சிரிச்சீங்க. கதவுக்குப் பின்னால நின்னு பாத்தேன், முன்னால அவ்வளவு பெரிய ஓட்ட! அதுவரைக்கும் இந்த உம்மணாமூஞ்சி எனக்கு வேணாம்னுதான் இருந்தேன். அந்தச் சிரிப்பப் பாத்துட்டுத்தான் எங்கப்பாகிட்ட சரின்னேன்.