இன்னும் டன் வரலை

ஆபீஸ்: …அதான் கேக்கறேன் அண்ணா, மணி மூணாச்சு. வேலை முடிஞ்சுதுன்னு வாட்ஸ்அப் குரூப்ல இன்னும் உங்க "டன்" வரலை.

மெக்கானிக்: வரும்மா.

ஆபீஸ்: பன்னெண்டு மணிக்கும் இதையேதான் சொன்னீங்க.

மெக்கானிக்: அப்பவும் உண்மையத்தான் சொன்னேன்.

ஆபீஸ்: ஒரு லிஃப்ட்டுக்கு ஒரு நாளான்னு மேனேஜர் என் டேபிள் முன்னாடி வந்து நின்னுட்டுப் போறார். மத்தவங்கல்லாம் ஆளுக்கு மூணு முடிச்சாச்சு.

மெக்கானிக்: என்ன போட்டாங்க?

ஆபீஸ்: ஒருத்தர் "ஆல் செட்". இன்னொருத்தர் "டன் அண்ட் டஸ்டட்".

மெக்கானிக்: டஸ்டட்டா… அவர் எங்கயும் தூசி தட்டி நான் பார்த்ததே இல்லையே.

ஆபீஸ்: சிரிக்க வைக்காதீங்க. போன வாரம் புதுசா சேர்ந்தவர் "ஆல் ஓவர்"னு போட்டார். நான் அதை அப்படியே பில்டிங் செக்ரட்டரிக்கு அனுப்பிட்டேன். மனுஷன் பதறிப்போய், யாருக்கு என்னாச்சுன்னு போன் பண்ணிட்டார்.

மெக்கானிக்: யார் என்ன போட்டாலும் அப்படியே அனுப்பிடுவீங்களா?

ஆபீஸ்: ஒரு எழுத்து மாத்த மாட்டேன். அதை நம்பித்தானே ஜனங்க லிஃப்ட்டுக்குள்ள காலை வைக்கிறாங்க.

மெக்கானிக்: ம்… அதனாலதான் எனக்கு நேரமாகுது.

ஆபீஸ்: அதனாலதான் ஆபீஸ்ல உங்களுக்கு "லேட்டு"ன்னு பேரு.

மெக்கானிக்: ஆபீஸ்ல மட்டுமா? என் வீட்டுக்காரி போன்லயும் அப்படித்தான் சேவ் பண்ணி வெச்சிருக்கா.

ஆபீஸ்: சரி, இப்ப எங்க இருக்கீங்க?

மெக்கானிக்: மொட்டை மாடில, மோட்டார் ரூம்ல. கையெல்லாம் கிரீஸ். போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டுப் பேசறேன்.

ஆபீஸ்: அப்படி என்னதான் கோளாறு? நேத்து நம்ம இன்னொரு மெக்கானிக், "மின்னல்"னு பேர் வாங்கினவர், இதே லிஃப்ட்டைப் பார்த்துட்டு இருபதே நிமிஷத்துல டன் போட்டாரே.

மெக்கானிக்: அவன் பொய் சொல்லலைம்மா. காலியா ஓட்டிப் பார்த்திருக்கான். காலியா ஓட்டினா சமத்தா நிக்குது. நாலு பேர் ஏறினாத்தான் குணத்தைக் காட்டுது. தரைக்கு ஒரு விரல் கீழயே நின்னுடுது. பிரேக் தேஞ்சிருக்கு.

ஆபீஸ்: ஒரு விரல்தானே… யார் கண்ணுக்குத் தெரியப்போகுது?

மெக்கானிக்: கண்ணுக்குத் தெரியாது. கால் கட்டைவிரலுக்குத் தெரியும். நேத்து சாயங்காலம் நாலாவது மாடில ஒரு அம்மா வெளிய வரும்போது அதுலதான் இடிச்சு விழுந்தாங்களாம். கால் எலும்பு போயிடுச்சாம்.

ஆபீஸ்: கேள்விப்பட்டேன்… அஞ்சு மணிக்கு அவங்களை ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டிட்டு வர்றாங்க. சக்கர நாற்காலில.

மெக்கானிக்: மணி வரைக்கும் தெரிஞ்சு வெச்சிருக்கீங்களே.

ஆபீஸ்: கஸ்டமர் சொன்னாங்க.

மெக்கானிக்: ஓ. கஸ்டமர்.

ஆபீஸ்: ஆமா, கஸ்டமர்தான். ஐயோ, மேனேஜர் வர்றார். நான் கொஞ்சம் சத்தம் போடுவேன், மனசுல வெச்சுக்காதீங்க… என்ன சார் நீங்க, காலைலேருந்து ஒரே லிஃப்ட்டைக் கட்டிக்கிட்டு அழறீங்க? நாங்க பில்டிங்குக்கு என்ன பதில் சொல்றது? சீக்கிரம் முடிங்க சார்.

மெக்கானிக்: சரிங்க மேடம்.

ஆபீஸ்: …போயிட்டார். அண்ணா, அவசரமே படாதீங்க. ஆறு மணியானாலும் நான் பார்த்துக்கறேன். அவங்களைக் கீழ உக்கார வெச்சுக்கலாம்.

மெக்கானிக்: அப்ப திட்டினது?

ஆபீஸ்: அது அவருக்காக. இது எனக்காக. ஒண்ணு சொல்லட்டுமா? மத்தவங்க டன் வந்தா, அனுப்பின அரை மணி கழிச்சு பில்டிங்குக்கு ஒரு போன் போட்டு, நல்லா ஓடுதான்னு கேட்டுப்பேன். யாரும் கேக்கச் சொல்லலை, நானா செய்யறது. உங்க டன் வந்தா மட்டும் கேக்க மாட்டேன். ஒன்பது வருஷத்துல ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

மெக்கானிக்: இவ்வளவு நாளா இது தெரியாதே எனக்கு.

ஆபீஸ்: தெரிஞ்சா தலைல ஏறிடும்னு சொல்லலை.

மெக்கானிக்: இப்ப ஏறிடுச்சு. அப்புறம்?

ஆபீஸ்: நேத்து அந்தப் போனை நான் பண்ணலை. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டேன். பண்ணியிருந்தா, லிஃப்ட் பள்ளமா நிக்குதுன்னு யாராவது சொல்லியிருப்பாங்க… அந்தம்மா படியிலயே ஏறியிருப்பாங்க.

மெக்கானிக்: அது உங்க வேலையே இல்லைம்மா.

ஆபீஸ்: அந்த டன்னை அனுப்பினது என் கை, அண்ணா.

மெக்கானிக்: …அழறீங்களா?

ஆபீஸ்: இல்லை. ஜலதோஷம்.

மெக்கானிக்: சரி, ஜலதோஷம்.

ஆபீஸ்: அதை விடுங்க. முடிஞ்சுதுன்னு உங்களுக்கு மட்டும் எப்படி அவ்வளவு நிச்சயமாத் தெரியுது?

மெக்கானிக்: சிரிக்கக் கூடாது. ஒவ்வொரு மாடியிலயும் லிஃப்ட் நின்னு கதவு திறந்ததும், கண்ணை மூடிக்கிட்டு வெளிய நடப்பேன். எங்கயாவது கால் பட்டுச்சுன்னா டன் இல்லை. திரும்ப மேல ஏறிடுவேன்.

ஆபீஸ்: பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?

மெக்கானிக்: மூணாவது மாடி வாத்தியார், பாவம் கண்ணு தெரியாதவர்னு நினைச்சு, கையைப் பிடிச்சு படிக்கட்டு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். அப்புறம் அவரையே குடும்பத்தோட கூப்பிட்டு எடைக்கு ஏத்திக்கிட்டேன். அவர் சம்சாரம் ஸ்வெட்டர் பின்னிக்கிட்டே ஏழு மாடியும் ஏறி இறங்கறாங்க.

ஆபீஸ்: உங்களைத் திட்டவே வாய் வராது அண்ணா. வெச்சிடறேன், வேலையைப் பாருங்க.

*

ஆபீஸ்: அண்ணா, டன் பார்த்தேன். நாலு அம்பது. அப்படியே அனுப்பிட்டேன்.

மெக்கானிக்: நல்லா ஓடுதான்னு கேக்கலையா?

ஆபீஸ்: உங்ககிட்டயா? மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்லணும். இந்த வேலை முறைப்படி மின்னலுக்கே திரும்பப் போயிருக்கணும். நான்தான் யாருக்கும் சொல்லாம உங்க பேருக்கு மாத்தினேன். மேனேஜருக்குத் தெரிஞ்சா, சொந்தக் காரியத்துக்கு… அதாவது… அந்த நாலாவது மாடி கஸ்டமர் வந்து…

மெக்கானிக்: அவங்க நாலரைக்கே வந்துட்டாங்கம்மா.

ஆபீஸ்: வந்துட்டாங்களா? எப்படி ஏறினாங்க? லிஃப்ட் ஆட்டம் கீட்டம் இல்லையே? பயந்தாங்களா?

மெக்கானிக்: இப்ப மட்டும் கேக்கறீங்க பாருங்க. ஒன்பது வருஷத்துல முதல் தடவை.

ஆபீஸ்: அண்ணா…

மெக்கானிக்: மின்னல் பார்த்த லிஃப்ட் என் பேருக்கு வந்தப்பவே ஏதோ இருக்குன்னு நினைச்சேன். நீங்க கஸ்டமர்னு சொன்னீங்க, நானும் கஸ்டமர்னே வெச்சுக்கிட்டேன். வந்தவங்க வாயைத் திறந்ததும் அப்படியே உங்க குரல், அதே "அவசரமே படாதீங்க". என் டெஸ்ட் எல்லாம் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிடுச்சு. கடைசியா ஒண்ணை மட்டும் அவங்ககிட்ட விட்டேன். நாற்காலி, அதைத் தள்ளிட்டு வந்த உங்க அண்ணி, வாத்தியார் வீட்டுக்காரங்க எல்லாரையும் ஏத்திக்கிட்டு, அவங்களைக் கண்ணை மூடிக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு உங்கம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டாங்க, "இன்னும் நாலாவது மாடி வரலையா தம்பி?"ன்னு. அப்ப லிஃப்ட்டை விட்டு வெளிய வந்து, அவங்க வீட்டுக் கதவுக்கு முன்னாடி நிக்கறோம். அதுக்கப்புறம்தான் டன் போட்டேன்.