பஜனை மடத்துக் கதவு

"மடத்துக் கதவை வித்துட்டோம் மாமி" என்று பஸ்ஸில் முன்சீட்டில் இருந்தவள் சொன்னதும், கிழக்கேகோட்டையில் ஏறும்போது வாங்கிய பேப்பரை நான் மடித்துவிட்டேன்.

அவள் பக்கத்தில் இருந்த மாமி திரும்பினாள். "பஜனை மடத்துக் கதவையா? ராஜா காலத்துக் கதவாச்சே. வருஷா வருஷம் நம்ம தெருவுல கைவினை மேளா நடத்தறதே அந்த மடத்தை நன்னாக்கத்தானே?"

"அதுக்குத்தான். மேஜை போறலை. கதவைக் கழட்டிப் பெஞ்சு மேலே போட்டு, நாங்க பின்னின ஒயர் கூடையெல்லாம் அதுல வெச்சோம். கோவளத்துல ஹோட்டல் நடத்தறவர் ஒருத்தர் வந்தார். கூடையைத் தொடக்கூட இல்லை. குனிஞ்சு குனிஞ்சு கதவையே பார்த்தார். கூரை முழுக்க ஓடு மாத்தற அளவுக்குப் பணம் தரேன்னார். மடத்து செக்ரட்டரி சரின்னுட்டார்."

"கதவில்லாத மடத்துக்கு ஓடு மாத்தி என்ன பிரயோஜனம்?"

"மழை உள்ளே வராதோல்லியோ."

மாமி சிரித்துவிட்டாள்.

"இப்போ அந்தக் கதவுப் பூட்டோட சாவியைக் கேட்டு அந்த ஹோட்டல்காரர் ஆள் அனுப்பறார். அது என் கிட்டயாக்கும் இருக்கு."

"கொடுத்தியா?"

அவள் பையைத் திறந்து ஒரு சாண் நீள இரும்புச் சாவியைக் காட்டினாள்.

"அடுத்த வருஷ மேளாவுல விக்கறோம், வாங்கோன்னு சொல்லிட்டேன். மடத்துக்குப் புதுக் கதவு போடணுமே."