உத்தரவை மீறிக் கிணற்றுக்குப் போன வண்டி

அபயக் குரலுக்கு அரைக்கணமும் தாமதியாத அண்ணலே, அனலுக்கும் அஞ்சாத, அதிகாரத்துக்கும் அஞ்சாத ஆற்றலாளரே, எங்கள் முன்னணித் தீயணைப்பாளர் திரு. சுருளியாண்டி அவர்களே, வணக்கம்.

வைகை அணைக்கு அருகிலுள்ள இந்தத் தீயணைப்பு நிலையத்தில், எரியும் வைக்கோற்படப்பிலும் இடிந்த சுவரிலும் பெருகிய வெள்ளத்திலும் எங்களுக்கு முன்னே நின்று, இன்று பணி நிறைவு பெறுகிறீர்கள். வாழ்த்து மடலில் வருத்தத்துக்கு இடமில்லை என்பார்கள். ஆனால் தங்கள் மீது ஒரு குற்றக் குறிப்பாணை இன்றும் நீக்கப்படாமல் இருக்கிறது. அதைப் பேசாமல் பூமாலை மட்டும் சூட்டினால், அது தங்களுக்குச் செய்யும் சிறுமை என்பதால் பேசுகிறோம்.

உயர் அதிகாரி ஒருவர் அணையைப் பார்வையிட வந்த நாள் அது. நிலைய அலுவலர் விடுப்பில் இருந்ததால் பொறுப்பு தங்களிடம் இருந்தது. எங்களிடமிருந்த ஒரே வண்டியை அணையின் வாயிலில் நிறுத்திவைக்க வேண்டும் என்பது உத்தரவு. வண்டி புறப்படவிருந்தபோது 101 ஒலித்தது. மயிலாடும்பாறைக் கடைத்தெருவின் தொலைபேசிக் கூண்டிலிருந்து இருளம்மாள் என்ற கூலித் தொழிலாளி அழைத்தார்.

"கெணறு சரிஞ்சிருச்சுய்யா, சீக்கிரம் வாங்க" என்று சொல்லிவிட்டு வைக்கப்போனவரைத் தாங்கள் நிறுத்தினீர்கள்.

"ஆத்தா, போனை வைக்காதீக. எந்தப் பக்கம், யாரு தோட்டம், அதை மொதல்ல சொல்லுங்க."

"ஊருக்கு மேக்க, தென்னந்தோப்பைத் தாண்டி. ஆழப்படுத்த எறங்குன எங்க வீட்டுக்காரரும் ஜெபமணி அண்ணனும் மண்ணுக்குள்ள கெடக்காக."

"பேச்சுக் குரல் கேக்குதா?"

"நான் கெளம்புறப்ப அண்ணன் பேசிக்கிட்டுத்தான் இருந்தாக."

"எப்ப சரிஞ்சது?"

"காலையிலயேய்யா. போன் பண்ணினா போலீஸ் கேசாகும், நாமளே தூக்கிரலாம்னு தோட்டத்துக்காரரு தடுத்துட்டாரு. மத்தியானம் வரைக்கும் பாத்தேன். மனசு கேக்கல, ஓடியாந்துட்டேன்."

"அங்கன யாரையும் உள்ள எறங்க விடாதீக. விளிம்புல கூட்டம் நிக்கக் கூடாது, மறுபடி சரியும். மெயின் ரோட்டுல ஒரு ஆளை நிறுத்துங்க, வண்டிக்கு வழி காட்டட்டும்."

உடனே மேலிடத்தில் அனுமதி கேட்டீர்கள். "ஐயா கூட்டத்துல இருக்காக, காத்திருங்க" என்று பதில் வந்தது. தாங்கள் காத்திருக்கவில்லை. பக்கத்து நிலையத்து வண்டியை அணைக்குப் போகச் சொல்லிவிட்டு, எங்களை ஏற்றிக்கொண்டு மயிலாடும்பாறைக்கு விரைந்தீர்கள்.

கயிற்றைக் கட்டிக்கொண்டு முதலில் இறங்கியவர் தாங்கள். கடப்பாரை பட்டால் காயப்படுவார்கள் என்று கையாலேயே மண்ணை அள்ளச் சொன்னீர்கள். இருளம்மாளின் கணவர் மொக்கைச்சாமி கால் முறிந்து, உயிரோடு மேலே வந்தார். ஜெபமணி வரவில்லை. அவரைத் தூக்கியபோது உடலில் இன்னும் சூடு இருந்தது. அந்தச் சூடு எங்கள் உள்ளங்கையை விட்டுப் போகவில்லை.

அணைக்கு வந்த அதிகாரிக்கு ஒரு குறையும் நேரவில்லை; பக்கத்து நிலையத்து வண்டி அவருக்கு முன்பே அங்கே போய் நின்றது. ஆயினும் உத்தரவை மீறியதற்காகத் தங்களுக்குக் குறிப்பாணை வந்தது, ஊதிய உயர்வு நின்றது. காலைமுதல் நண்பகல்வரை ஒரு மனிதனின் குரலை மண்ணுக்குள் தேயவிட்ட தோட்டத்துக்காரரை எவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் இன்று இந்த விழாவுக்குச் சந்தன மாலை அனுப்பினார். வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பிவிட்டோம்.

அவையோரே, உங்களுக்கும் சொல்கிறோம். 101ஐ அழைக்கக் காசு வேண்டியதில்லை, சிபாரிசு வேண்டியதில்லை, தோட்டத்துக்காரரின் சம்மதமும் வேண்டியதில்லை. உயிருக்கு ஆபத்து என்று மனம் பதறுகிறதே, அதுதான் அழைக்கும் நேரம். ஊர்த்தலைவருக்கும் உறவினருக்கும் பிறகு சொல்லிக்கொள்ளலாம். இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். கேட்பவர் போதும் என்னும்வரை இணைப்பைத் துண்டிக்காதீர்கள். விளையாட்டுக்காக அந்த எண்ணை அழைத்துச் சிரிப்பவர்களே, நீங்கள் சிரிக்கும் நேரத்தில் இன்னோர் இருளம்மாள் கூண்டுக்குள் நின்று அழுதுகொண்டிருக்கக் கூடும்.

பெருந்தகையே, கோபம் வந்தாலும் குரல் உயர்த்தாத தங்களுக்காக நாங்கள் கோபப்பட்டுவிட்டோம். பொறுத்தருள்க. ஊன்றுகோலோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மொக்கைச்சாமியின் கையால் இன்று தங்களுக்கு மாலை விழுகிறது. அதைவிடப் பெரிய பதக்கத்தை எந்த அரசும் தர முடியாது. துணைவியார் முருகம்மாளுடன், மணியோசை கலைக்காத நல்லுறக்கமும் நோயற்ற நெடுவாழ்வும் பெற்று இனிதே வாழ்க.

மீண்டும் அப்படியோர் அழைப்பு வந்தால், இங்கே கையொப்பமிடும் நாங்கள் அனைவரும் தாங்கள் செய்ததையே செய்வோம். குறிப்பாணை எங்களுக்கும் வரட்டும்.

பெயரை மறைக்காமல்,
நிலையப் பணியாளர்கள் (பெயர்களும் கையொப்பங்களும் கீழே)
தேனி மாவட்டம், 30 ஜூன் 2006