கண்ணு தொறக்காத தேவாங்கு

சிங்கமா? இந்தா, நீங்களும் சிங்கமுன்னே கேக்கியளே அண்ணாச்சி! மயிலாடியில வந்து எறங்குகவனெல்லாம் வீட்டு வாசலுக்குக் கல்லுல ரெண்டு சிங்கம் கொத்தித் தாருமுன்னு நிக்கான். நான் கேக்கேன், இந்த ஜில்லாவுல எவன் சிங்கத்தக் கண்டான்? காலண்டருல கண்டிருப்பான்!

இப்பிடி நெழலுல நில்லுங்க. ஆரல்வாய்மொழிக் காத்து, கல்லுப்பொடிய வாரி மூஞ்சில அடிக்கும். ஆங்... என்ன சொன்னேன்?

கண்ணால கண்டதத்தான என் உளி கொத்தும்? கீரி, மரநாய், உடும்பு, தேரூரு கொளத்துக் கூழக்கடா... எல்லாம் வீட்டு முத்தத்துல நிக்குது பாருங்க. வாங்கத்தான் ஆளில்ல. கூழக்கடா மூக்குல எம் பொண்டாட்டி ராஜமணி சேலையக் காயப்போடுகா. சிரிக்காதீங்க! மக கல்யாணத்துக்குப் பந்தல் போட முத்தம் வேணுமாம். "வெள்ளிக்கெழமைக்குள்ள இந்தச் சவங்கள ஆருக்காவது குடுத்துத் தொலையும், இல்லேன்னா கக்கூஸ் அஸ்திவாரத்துல போட்டு மூடிருவேன்"னுட்டா. செய்வா! சொன்னா செய்யுகவ அவ.

என்னத்தத் தடவுகிய? அதா... அது தேவாங்கு. காளிகேசம் காட்டுல ஒரு கெளையில சுருண்டு ஒறங்கிட்டு கெடந்துது. வெரலப் பாருங்க, பச்சப்புள்ள வெரலேதான். என்னா அழகு!

வேணுமா? நெசமாவா?

இல்ல... இப்பம் எடுக்கப்பிடாதே. கண்ணு தொறக்கல்லல்லா, கருமணி இன்னும் கொத்தல்ல. கண்ணு தொறக்காத செல பட்டறைய விட்டு எறங்கப்பிடாது, எங்க தொழில்ல அது கட்டாயம். சாமிக்கு மட்டுமில்ல, உசிருள்ள எல்லாத்துக்கும்தான். நாளைக்கா? நாளைக்கு அஷ்டமி. மறுநாளு நவமி. பொறவு உளியக் காச்சி மொனை ஏத்தணும்... கீரியா? அதுக்கும் தொறக்கல்ல. உடும்புக்கும்... ஆமா, கூழக்கடாவுக்கும் இல்ல. என்ன அப்பிடிப் பாக்கிய? நல்ல நேரம் ஒத்து வரல்ல, அவ்வளவுதான்! அதுலயும் தேவாங்குன்னா கண்ணுதான எல்லாம். தொறந்தா அது என்னையல்லா பாத்துட்டு இருக்கும். பொறவு எப்பிடி வண்டியில ஏத்தி அனுப்புகது, சொல்லுங்க...

அண்ணாச்சி? ஏ அண்ணாச்சி! எதுத்த பட்டறைக்கா போறிய? அவன் செய்யுக சிங்கம் பூனை மாதிரில்லா இருக்கும்! ... போனா போட்டும்.

ஏ தேவாங்கே, தப்பிச்ச மக்கா நீ.

ஏட்டி ராஜமணி! பந்தல கோயில் மைதானத்துல போட்டா என்ன?