ஆவூரில் இன்று மழை இல்லை

இணையத்தில் புதிதாக பிளாக் தொடங்குகிறவர்கள் எல்லாரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. பக்கத்தில் ஒட்டவைக்கிற பிளக்-இன்களில் கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளி மாட்டிவிடுவார்கள். கடிகாரம், காலண்டர், ஓடுகிற எழுத்து, பறக்கிற பட்டாம்பூச்சி. பக்கம் திறப்பதற்குள் படிக்க வந்தவன் எழுந்து போய்விடுவான். கல்யாண வீட்டில் வாழைமரம் கட்டலாம், அதற்காக வாசலை மறைக்கக் கூடாது. உங்கள் அப்பாவிடமும் முதல் நாள் இதைத்தான் சொன்னேன். "ஆத்துல போட்டாலும் அளந்து போடுங்கிறீங்க. சரிதான் தம்பி, எது வேணுமோ நீங்களே பாத்துப் போடுங்க" என்று சிரித்தார்.

உட்காருங்கள் ஷீபா. அந்த நாற்காலியில்தான் அவரும் உட்காருவார். நீங்கள் அவருக்கு எழுதிய கமெண்டுகள் எல்லாம் இந்தத் திரையில் இருக்கின்றன. ஒன்றுகூட அழியவில்லை. இவை ஏன் வெளியே வரவில்லை, அப்பா இவற்றையெல்லாம் படித்தாரா என்று கேட்டீர்கள். அப்பாவின் முப்பதாம் நாள் நினைவுப் பூசை முடிந்த கையோடு வந்து கேட்கிறீர்கள். மறைப்பது முறையில்லை, முதலிலிருந்தே சொல்கிறேன்.

என் பெயர் குழந்தைசாமி. அரிமளத்துக்காரன். ஆவூர்க் கடைவீதியில் இந்த நெட் சென்டரைப் போட்ட பிறகு ஊர்ப்பக்கம் போவதில்லை. அங்கே எனக்கென்று யாரும் மிச்சமில்லை. இங்கேயும் கிடையாது. பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் பரீட்சை ரிசல்ட்டுக்கும் வருவார்கள், பிரிண்ட் கைக்கு வந்ததும் போய்விடுவார்கள். ஊருக்கு நான் "நெட் சென்டர்காரர்". அதற்கு மேல் யாருக்கும் தேவைப்படவில்லை. உங்கள் அப்பா அருள்தாஸ் சார்தான் பெயரைக் கேட்டார். கேட்டதோடு நிற்காமல் மறுநாள் நினைவும் வைத்திருந்தார். "கொழந்தைசாமி, டீ குடிச்சாச்சா?" என்றபடி உள்ளே வந்தார். அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

புவியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் மொட்டை மாடியில் ஒரு மழைமானி வைத்திருந்தார். ஊரில் கேலி செய்வார்கள், இந்தக் காய்ச்சல் பூமிக்கு மழைமானி எதற்கு, மொட்டைத் தலைக்குச் சீப்பா என்று. அவர் தினமும் ஏறிப் பார்த்துவிட்டு வருவார். அந்த மழைக் கணக்கைத்தான் பிளாக்காகப் போட வேண்டும் என்றார். யார் சார் படிப்பார்கள் என்று கேட்டேன். அப்போதுதான் உங்களைப் பற்றிச் சொன்னார்.

அவர் சம்மதமில்லாமல் நடந்த உங்கள் கல்யாணத்தன்று சொந்தக்காரர்களை நிறுத்திவைத்து அவர் சொன்ன வார்த்தை உங்களுக்கும் தெரியும். அவள் இந்தப் படி மிதிக்கக் கூடாது, அவள் பெயரை என் காதில் யாரும் போடக் கூடாது. பழைய போன் நம்பரைக்கூட மாற்றிவிட்டார். அத்தனை பேர் முன்னால் சொன்னதை எப்படித் திரும்ப எடுப்பது என்பதுதான் அவருடைய கஷ்டம். "போன் பண்ணுனா ஊருக்கே தெரிஞ்சு போயிரும் தம்பி. எழுத்துல வந்தா யாருக்குத் தெரியப்போகுது? சின்னப் பிள்ளையில அவதான் மாடியேறி அளவு பாத்துட்டு வந்து கத்துவா. மழைக் கணக்குன்னு போட்டா எங்கிட்டு இருந்தாலும் தேடி வந்துருவா. ஒரு வரி எழுதட்டும், போதும். வான்னு சொல்லிர்றேன்."

அதற்காகத்தான் அந்த பிளாக்.

பெரும்பாலும் எழுத ஒன்றும் இருக்காது. "ஆவூரில் இன்று மழை இல்லை" என்று அவர் சொல்வார், நான் தட்டச்சு செய்வேன். அந்த ஒரு வரிக்காகச் சாயங்காலம் முழுக்க இங்கே இருப்பார். பேசிக்கொண்டிருப்போம். பருவக்காற்று எப்படித் திரும்புகிறது என்று மேசையில் டீயைத் தொட்டுக் கோடு போட்டுக் காட்டுவார். போகும்போது "நாளைக்கு வாரேன் தம்பி" என்பார். நாளைக்கு வருவதாக என்னிடம் சொல்லிவிட்டுப் போகிற ஆள் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்.

ஆனால் யாரும் படிக்கவில்லை. "யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்டுக் கேட்டு அவர் முகம் வாடிக்கொண்டே போனது. பார்க்கப் பொறுக்காமல்தான் சுடர்விழியை உண்டாக்கினேன். குவைத்தில் கணக்கர் வேலை பார்க்கிற பெண் என்று வைத்துக்கொண்டேன். "ஐயா, உங்கள் குறிப்பைப் படித்தால்தான் எனக்கு அன்றைய நாள் தொடங்குகிறது" என்று அவள் பெயரில் கமெண்ட் எழுதினேன். அதைப் படித்துவிட்டு அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "பாருங்க, யாரு பெத்த பிள்ளையோ" என்றார். பதிலில் அவளை "மகளே" என்று எழுதச் சொன்னார். எனக்கு அம்மா இருந்தாள், அப்பா என்று ஒருவர் இருந்து நான் பார்த்ததில்லை. அந்தச் சொல்லை நானே என் கையால் தட்டச்சு செய்தேன்.

என்னுடைய பிழை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், பிளாக்கில் நான் மாட்டிய வரைபடம்தான். எந்த நாட்டிலிருந்து ஆள் வந்தாலும் உலகப் படத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். அழகுக்காகப் போட்டேன். ஒரு சாயங்காலம் அயர்லாந்தில் புள்ளி விழுந்துவிட்டது. புவியியல் வாத்தியாருக்கு நான் ஊர்ப் பெயர் சொல்ல வேண்டுமா? விரலைத் திரையில் வைத்தபடி அப்படியே நின்றார். நீங்கள் அங்கே நர்ஸாக இருப்பது எப்படியோ அவர் காதுக்கு வந்திருந்தது. "எம்பிள்ளை தம்பி" என்றார். டீயைக் குடிக்காமலே எழுந்து போனார்.

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் காணவில்லை. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். ஏணி மேல் நின்று சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். உங்கள் அறைக் கட்டிலை வெயிலில் போட்டிருந்தார். "தம்பி, நேரமே இல்ல, அப்புறமா வாரேன்" என்று இறங்காமலே சொன்னார். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குப் பயமாக இருந்தது. இனிமேல் சாயங்காலங்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

அவர் அடுத்து வந்தபோது விளக்கினேன். அயர்லாந்திலிருந்து வருகிறவை பெரும்பாலும் ஆட்கள் இல்லை சார், இணையத்தைத் துழாவுகிற பெரிய கம்பெனிகளின் கம்ப்யூட்டர்கள் அங்கே நிறைய இருக்கின்றன, அந்தப் புள்ளி ஒரு மிஷின் என்றேன். பொதுவாக அது உண்மைதான், நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். "மிஷினா?" என்றார். "ஆமா சார்." தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம், "எனக்கு ஒரு டீ சொல்லுங்க" என்றார். பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்று வரைபடத்தை எடுத்துவிட்டேன்.

நீங்கள் கேட்ட கமெண்ட் விஷயத்துக்கு வருகிறேன். வேண்டாத கமெண்டுகளைத் தடுக்க ஒரு பிளக்-இன் எந்த பிளாக்குக்கும் அவசியம். இல்லாவிட்டால் லாட்டரியும் ஆண்மை மாத்திரையும் வந்து குவியும். அதில் ஒரு பெட்டி உண்டு. நாம் அதில் போடுகிற சொல் எந்தக் கமெண்டில் இருந்தாலும் அது வெளியே தெரியாமல் நின்றுவிடும். லாட்டரி என்று போட்டேன். மாத்திரை, கடன் என்று போட்டேன். அந்தப் புள்ளி விழுந்த அன்றே, ஷீபா என்றும் போட்டேன்.

"அப்பா, நான் ஷீபா. இங்கே தினமும் மழைதான். உங்கள் மழைமானியை இங்கே வைத்தால் வழிந்துவிடும்." இது நீங்கள் முதலில் எழுதியது. அழகாக எழுதியிருந்தீர்கள். பிறகு பெயர் போடாமல் எழுத ஆரம்பித்தீர்கள். அதனால் அப்பா என்ற சொல்லையும் பெட்டியில் சேர்க்க வேண்டியதாயிற்று. இதில் எனக்கும் நஷ்டம்தான். சுடர்விழி கொஞ்ச நாளில் அவரை அப்பா என்று கூப்பிடலாம் என்று எண்ணியிருந்தேன். கடைசிவரை ஐயா என்றே கூப்பிட வேண்டியதாகிவிட்டது.

உங்கள் வார்த்தைகள் நின்றுபோவதையும் சுடர்விழியை அவர் மகளே என்பதையும் நீங்கள் அங்கிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பீர்கள். அது வலித்திருக்கும், புரிகிறது. ஆனாலும் விடாமல் எழுதினீர்கள். லீவு கிடைத்திருக்கிறது, பேரனைக் கூட்டி வருகிறேன், வா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று எழுதினீர்கள். பேரன் வந்த வீட்டை விட்டு எந்தத் தாத்தா நெட் சென்டருக்கு வந்து உட்காருவார்? போகும்போது நீங்கள் அவரையும் கூடவே அழைத்துக்கொண்டு போயிருப்பீர்கள். பிளாக்கின் மெயிலிலிருந்து பதில் அனுப்பினேன். "வர வேண்டாம். அருள்தாஸ்." திட்டி ஒரு சொல் எழுதவில்லை. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டதாக நீங்கள் எழுதிய பதிலும் பத்திரமாக இருக்கிறது.

ஆமாம், அவர் எழுதவில்லை. அந்தப் பதிலை நான்தான் எழுதினேன். தண்ணீர் குடியுங்கள்.

நெஞ்சுவலி வந்தபோது அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனவன் நான். ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே இருந்தேன். மகன் யாராவது இருக்கிறாரா என்று கேட்டார்கள், நான் கையெழுத்துப் போட்டேன். ஷீபாவுக்குத் தகவல் சொல்லட்டுமா சார் என்று ஒரு வார்த்தை கேட்டும் பார்த்தேன். அதை நீங்கள் மறக்கக் கூடாது. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ ஒரு வரிகூட எழுதலையே தம்பி. அவ்வளவு கோவம் எம்மேல. இருக்கட்டும், பிள்ளை நல்லா இருக்கட்டும்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பிள்ளை சுடர்விழி தேடும். அதுக்கு மட்டும் சொல்லிருங்க" என்றார். கடைசியாக அவர் சொன்னது அதுதான்.

சொல்லிவிட்டேன் ஷீபா. அன்றைக்குக் கடையைத் திறந்து, சுடர்விழிக்கு மெயில் அனுப்பினேன். படித்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன்.

அவருக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். தேடி வரவும் பேசிக்கொண்டிருக்கவும் அவருக்கு ஓர் இடம் இருந்தது. மகளே என்று கூப்பிட ஒருத்தி இருந்தாள். நீங்கள் இரண்டு வாரம் வந்து இருந்துவிட்டுப் போயிருப்பீர்கள். நான் ஒரு நாள்கூட அவரை விட்டுப் போகவில்லை.

மழைமானி மாடியில் அப்படியேதான் இருக்கிறது. வீட்டை விற்க அவசரப்பட வேண்டாம். லீவு முடியும்வரையாவது நீங்கள் மாடியேறிப் பார்த்துவிட்டு இங்கிட்டு வந்து சொல்லுங்கள், நான் தட்டச்சு செய்கிறேன். அந்த பிளாக் நின்றுபோகக் கூடாது. யாரும் படிக்க மாட்டார்களோ என்று மட்டும் கவலைப்படாதீர்கள். சுடர்விழி தினமும் வருவாள்.