செலிக்கின் துணி

பழைய துணிக்கு வெளிச்சம் ஆகாது. எங்கள் அருங்காட்சியகக் கூடத்தில் விளக்கைக் குறைத்திருப்பது சாயம் போகாமலிருக்க. வருகிறவர்கள் அதை மரியாதை என்று எண்ணிக் குரலைத் தாழ்த்துகிறார்கள். நான் ஃபிராங்க்ஃபர்ட் ஜவுளி வியாபாரியின் மகன். இலவசமாக வரும் மரியாதையை வேண்டாமென்பேனா?

அறங்காவலர்களே, ஆண்ட்வெர்ப்பிலிருந்து அவன் எழுதிய கடிதம் உங்கள் கையில் இருக்கிறது. எனவே சொல்லிவிடுகிறேன்.

விருத்தசேதனத்தன்று மகனைக் கிடத்திய துணியைப் பட்டைகளாக வெட்டித் தைத்து, செலிக் என்ற பெயர், பிறந்த நாள், ‘மணப்பந்தலுக்கு வளர்க’ என்ற வாழ்த்து எல்லாம் யெட்டா அம்மாள் தன் கையாலேயே நூலால் எழுதித் தைத்திருந்தாள். வேதச் சுருளான தோராவைச் சுற்றும் துணி. அவன் கல்யாணத்திலும் அதுதான் சுற்றப்பட வேண்டும். உலகப் போரில் மகனைப் பெல்ஜியத்துப் பண்ணை ஒன்றில் ஒளித்து விட்டாள். திரும்பிப் போனபோது பண்ணை சாம்பல். துணியோடு எருசலேம் வந்து எங்களிடம் தந்தாள்.

“அவன் வந்தான்னா கல்யாணத்துக்குக் குடுத்துடணும்.”

அப்படியே எழுதிக் கையெழுத்திட்டேன். இறந்தவர்கள் கல்யாணம் செய்துகொள்வதில்லை.

‘இவன் வளரவில்லை’ என்று அட்டையில் எழுதினேன். இரண்டே சொல், அமைச்சர்களே அழுதார்கள்.

செவ்வாய்தோறும் வருவாள். “என்னய்யா, எம்புள்ள மேல தூசி. தொடைக்கக் கூலி கேக்குறீங்களா?”

“உங்களுக்கு வேல வேணுமேன்னு விட்டு வெச்சேன்.”

“உங்க அட்டைய நான் படிக்கிறதில்ல, தெரிஞ்சுக்குங்க. யாராவது கேட்டு வந்தாங்களா?”

“இல்லம்மா.”

ஒரு திங்கட்கிழமை ஆண்ட்வெர்ப்பிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். பண்ணைக்காரி சாகும்போது அவன் உண்மைப் பெயரையும் பிறந்த நாளையும் சொன்னாளாம். துணியிலிருந்ததைப் புதிதாகக் கற்ற எபிரேயத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தான்.

“இது நான்தான் ஐயா. அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். இதத் தச்சவங்க இருக்காங்களா?”

யோசித்துப் பாருங்கள். உயிரோடிருப்பவனின் துணியை யார் நின்று பார்ப்பார்கள்?

“அந்தக் காலத்துல தெருவுக்கு மூணு செலிக், தம்பி. இதத் தந்தவங்க எப்பவோ போய்ச் சேந்துட்டாங்க” என்றேன். தேநீர் வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்தான். மறுநாள் காலை விமானம் ஏறினான்.

அன்று செவ்வாய். “யாராவது வந்தாங்களா?”

“இல்லம்மா.”

இன்னும் நான்கு வருடம் வந்தாள். ஒரு முறைகூட நான் சலித்துக்கொண்டதில்லை.

போன மழைக்காலத்தில் இறந்தாள். இறந்த தாய்க்காக மகன் பதினொரு மாதம் கதிஷ் ஜெபம் சொல்ல வேண்டும். பாவம், அவளுக்கு யார் இருக்கிறார்கள்? பதினொரு மாதமும், ஒரு நாள் தவறாமல், நானே சொன்னேன். பெற்ற மகன்கூட அவ்வளவு ஒழுங்காகச் சொல்லியிருப்பானா என்பது சந்தேகம்தான்.