எண்பது லிட்டர் பம்ப்

என்ஜினுக்குப் பெட்ரோல் ஊட்டுகிற, கரண்ட்டில் ஓடும் பம்ப் வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள், ஐயா. மேலே எண்பது என்று போட்டிருந்தால் மணிக்கு எண்பது லிட்டர் தள்ளும் என்று நம்பிவிடுகிறார்கள். அது தடை ஏதும் இல்லாமல் விட்டால் வருகிற அளவு. பெரிய என்ஜின் கேட்கிற அழுத்தத்தில் ஐம்பதுகூடத் தேறாது. காசிமேட்டில் இருபத்தாறு வருடமாகப் படகு என்ஜின் பார்க்கிறேன். எனக்குத் தெரியாததல்ல.

விமல் என் மருமகன். நெட்டுக்குப்பத்துப் பையன், உழைப்பாளி. அவனைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வேகப்படகு என்ஜின் ஒன்றை வாங்கிவந்தான். கர்நாடகத்தில், மால்பேயில் சுற்றுலாப் படகு ஓட்டப் போகிறானாம். அம்முவோடு அங்கேயே குடியேறிவிடுவானாம். அம்மு என் ஒரே மகள். தாயில்லாமல் என் பட்டறையில் வளர்ந்தவள்.

"எஞ்சினு அறுவது லிட்டரு குடிக்குது மாமா. எம்பது பம்பு ஒண்ணு கெடச்சிகீது. போதும்ல?"

நூற்றிருபது வேண்டும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "போதும்பா" என்று வந்தது.

கரையில் தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஓட்டினோம். ஒரு குறையும் தெரியவில்லை. பாதி வேகத்துக்கு அந்தப் பம்பே தாராளம். எண்ணூர் முகத்துவாரத்தில் அலை உடைகிற இடத்தைத் தாண்டத்தான் முழு வேகம் வேண்டும். அங்கே பெட்ரோல் பத்தாமல் நின்றால் படகு அலைக்கு விலாவைக் காட்டிவிடும்.

பயந்துபோய் ஊரோடு இருந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். வெள்ளோட்டத்துக்குக் கடல் பொங்குகிற அமாவாசையைக் குறித்துக்கொடுத்தது நான்தான். விமலின் கூட்டாளி பாரி கடலைப் பார்த்துத் தயங்கினான். "இன்னிக்கி ரொம்ப பேஜாரா கீதே, நாளிக்கிப் போலாமா?"

"இந்த எஞ்சினுக்கு இதெல்லாம் ஒரு அலையா?" என்று சொல்லி, படகைத் தள்ளிவிட்டேன். பாரிக்குக் கைக்குழந்தை உண்டு. நன்றாக நீந்துவான் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

பாரியை அன்று சாயங்காலமே எடுத்தார்கள். விமல் மூன்றாம் நாள் கரை ஒதுங்கினான். அம்மு அழுதபோது நானும் அழுதேன். நிம்மதியாகவும் இருந்தது, மறைக்க மாட்டேன். இனி அவள் எங்கும் போக மாட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் என்ஜினை மேலே எடுத்தார்கள். அம்மு அதைப் பிரித்து, பம்பைக் கழுவி, அழுத்தம் வைத்து அளந்து பார்த்தாள். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்த வேலை. நாற்பத்தெட்டு வந்தது.

"ஒனுக்குத் தெரியும்ல, நைனா?"

"சாப்ட்டியா நீ?" என்று கேட்டேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

புகார் அவள் கொடுத்தது என்கிறீர்கள். கொடுக்கட்டும், சின்னப் பெண். கோபம் ஆறினால் வந்துவிடுவாள். இரண்டு பேரையும் நான்தான் கொன்றேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவள் எங்கே தங்கியிருக்கிறாள் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். என்னை விட்டால் அவளுக்கு இப்போது யாரும் இல்லை, ஐயா.